பழந்தமிழ் எழுத்தும் அஞ்சலட்டையும்

சொல் காற்றில் பிறந்து காற்றில் மறைவது. அதனைக் காலத்தின்மேல் நிறுத்தி வைப்பது எழுத்து. தமிழ்க் கவிஞர்கள் சொல்லைப் பற்றி நிரம்பப் பேசியுள்ளனர். யாப்பையும் அணியையும் பற்றி நூல்கள் பல செய்துள்ளனர். அச்சொல் தங்கியிருக்கும் வரிவடிவத்தைப் பற்றி நாம் பேசியது குறைவே. அக்குறையை ஈடுசெய்வது போல, அண்மைக் காலத்தில் பழந்தமிழ் எழுத்துகளை அஞ்சலட்டைகளிலும் வாழ்த்தட்டைகளிலும் அழைப்பிதழ்களிலும் பொறிக்கும் ஆர்வம் பெருகி வருகிறது. தம் பெயரைத் தமிழி எழுத்தில் எழுதிக் காண விரும்பாத தமிழன்பர் இன்று அரியர்.

இவ்வார்வம் போற்றத்தக்கது. எனினும் இதனுள் ஒரு வினா இருக்கிறது. அட்டையில் நாம் காண்பது எழுத்தா, எழுத்துப் போன்றதொரு கோலமா? எழுத்தெனில் அதனைப் படிக்க இயல வேண்டும். அதனை எழுதிய காலத்தவர் கண்டால் அவரும் படிக்க இயல வேண்டும். படிக்க இயலாத எழுத்து, எத்துணை அழகுடையதாயினும், வெறும் அணிகலனே. எழுத்தே ஓவியமாக நிற்கும் அட்டையை ‘எழுத்தட்டை’ எனக் கொண்டு, அதனை அமைக்க விழைவோர் அறிந்திருக்க வேண்டிய எழுத்து வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலணா அட்டையின் கதை

அஞ்சலட்டை என்பது உலகிற்கு ஆஸ்திரியா–ஹங்கேரி அளித்த கொடையாகும். சுருங்கிய செலவில் சுருங்கிய செய்தியை அனுப்ப உறையில்லாத அட்டை ஒன்று போதும் என்று எம்மானுவேல் ஹெர்மன் என்னும் பொருளியல் பேராசிரியர் 1869ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வியன்னா நாளிதழ் ஒன்றில் எழுதினார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலேயே அட்டை வெளிவந்துவிட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1879ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், இந்தியாவில் அஞ்சலட்டை அறிமுகமானது. விலை காலணா. விக்டோரியா அரசியின் தலையுருவம் பொறித்த அவ்வட்டை விரைவில் ஊர்தோறும் பரவியது. ‘கார்டு’ என்னும் சொல் எழுத்தறியாதார் வாயிலும் புழங்கலாயிற்று. திருமணச் செய்தியும் இறப்புச் செய்தியும் தேர்வு முடிவும் கடன் கேட்பும் அதில்தான் வந்தன. பின்னாளில் சிற்றிதழ்களுக்கும் கவிஞர்களுக்கும் அதுவே நாற்றங்காலாயிற்று. பல கவிதைகளின் முதல் மதிப்புரை அஞ்சலட்டையின் முதுகில் எழுதப்பட்டதே.

அட்டையின் மறுபக்கத்தை ஓவியம் பற்றிக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். எழுத்துருவையும் வடிவமைப்பையும் முதன்மையாகக் கொண்ட அட்டைகளும் தொடர்ந்தன. ஜெர்மனியின் வைமர் நகரில் 1923ஆம் ஆண்டு நடந்த பௌஹவுஸ் பள்ளிக் கண்காட்சிக்கென அதன் ஆசிரியரும் மாணவரும் 20 அஞ்சலட்டைகளைக் கல்லச்சில் படைத்தனர். அவற்றுட் சிலவற்றில் கண்காட்சியின் பெயரையும் நாளையும் தாங்கிய எழுத்துகளே அட்டையின் கட்டுமானமாக நின்றன. நம் நாட்டில் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கது சிவகாசி அச்சகங்களின் பொங்கல் வாழ்த்தட்டை. கரும்பும் பானையும் கதிரவனும் சூழ நின்றாலும், தடித்து வளைந்து வண்ணத்தில் மின்னிய ‘பொங்கல் வாழ்த்து’ என்னும் சொற்களே அதன் உயிர். கைபேசி வந்தபின் அவ்வழக்கம் அருகிவிட்டது. ஆயினும் எழுத்தைப் பரிசாக அனுப்பும் மரபு நமக்குப் புதிதன்று என்பதற்கு அது சான்று.

சில்லில் எழுதிய பெயர்கள்

பதினான்கு சென்டிமீட்டர் நீளமும் ஒன்பது சென்டிமீட்டர் அகலமும் கொண்ட சிறு பரப்பு பழந்தமிழ் எழுத்திற்குப் பொருந்துமா என்று ஐயுறலாம். உண்மையில் அவ்வெழுத்து மிகச் சிறிய பொருள்களிலேயே மிகுதியாக வாழ்ந்திருக்கிறது. கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பானை ஓடுகளில் காணப்படுபவை பெரும்பாலும் ஆட்பெயர்களே. கீழடியில் ‘ஆதன்’, ‘குவிரன்’ என்னும் பெயர்கள் கிடைத்துள்ளன. கூரிய முனை கொண்டு பானையின் தோளில் கீறிய எழுத்துகள் அவை. அரசன் ஆணையும் புலவன் பாட்டும் அல்ல. ‘இது என்னுடையது’ என்று ஒருவர் தம் பொருளுக்கு இட்ட அடையாளம்.

அச்சிறு பொருள்கள் கடல் கடந்தும் சென்றன. எகிப்து நாட்டின் செங்கடற் கரையிலுள்ள குசேர் அல்-காதிம் என்னும் பழந்துறையில் ‘கணன்’, ‘சாதன்’ என்னும் பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்தன. அங்கேயே 2007ஆம் ஆண்டில் ‘பானை ஒறி’ என்று பொறித்த ஓடொன்றும் வெளிப்பட்டது. ‘உறி’ என்று நாம் வழங்கும் சொல்லின் பழைய வடிவம் அது என்பர். தாய்லாந்தின் தென்பகுதியிலுள்ள குவான் லுக் பட் என்னும் இடத்தில் கிடைத்த ஒரு சிறு கல்லில் ‘பெரும்பதன் கல்’ என்று எழுதியிருக்கிறது. பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக் கல் அது. பொற்கொல்லர் ஒருவர் தம் பெயரைத் தம் கருவியில் பொறித்துக்கொண்டு அலைகடல் கடந்திருக்கிறார்.

எழுத்தட்டை அமைப்போர்க்கு இவ்வோடுகள் முதல் பாடம். பழைய எழுத்தென்றாலே மலையளவு பெருமிதம் வேண்டும் என்பதில்லை. சில்லின் உடைந்த விளிம்பும், கீறலின் மெலிந்த கோடும், ஒரு பெயரும் போதும். அனுப்புவோர் பெயரும் பெறுவோர் பெயரும் தாங்கிச் செல்லும் அஞ்சலட்டைக்குப் பெயர் தாங்கிய ஓட்டைவிட நெருங்கிய உறவு வேறில்லை.

பாறையில் பொறித்தவையும் மைப்படியும்

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் மலையில் இவ்வெழுத்துகளை 1882ஆம் ஆண்டில் இராபர்ட் சீவெல் கண்டார். ஆயினும் அவை எம்மொழி என்பது நெடுநாள் தெளிவுபடவில்லை. அம்மொழி தமிழே என்பதை 1924ஆம் ஆண்டு சென்னையில் கூடிய கீழைக்கலை மாநாட்டில் அறிஞர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். ழ, ள, ற, ன என்னும் தமிழுக்கேயுரிய ஒலிகளுக்குத் தனி வடிவங்கள் இருத்தல் இம்முடிவுக்குத் துணைநின்றது. அதன்பின் ஐராவதம் மகாதேவன் 1966இல் கல்வெட்டுகளின் தொகுப்பை வெளியிட்டார். 2003இல் வெளிவந்த அவருடைய பெருநூல் இத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகிறது. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரும், கரூர்க்கு அருகே புகளூரில் சேரல் இரும்பொறை மரபினர் பெயர்களும் உள்ளன. 1981ஆம் ஆண்டில் திருக்கோவிலூர்ப் பகுதியிலுள்ள ஜம்பையில் கண்டறியப்பட்ட கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பாழியைக் குறிக்கிறது. ஔவையார் பாடிய வள்ளலின் பெயர் கல்லில் வெளிப்பட்ட நாள் தமிழ்ப் புலவர்க்கெல்லாம் திருநாளன்றோ!

கல்லெழுத்தைத் தாளில் கொண்டுவரும் முறை மைப்படி எடுத்தல் ஆகும். பாறையைத் தூய்மை செய்து, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டுவர். தாள் எழுத்தின் பள்ளங்களில் பதியும். சற்றே உலர்ந்தபின் மை தோய்ந்த பொதியால் மேலே ஒற்றுவர். மேட்டில் மை ஏறும், பள்ளத்தில் ஏறாது. கருநிலத்தில் வெள்ளெழுத்துத் தோன்றும். அச்சுக்கலை அறிந்தோர் இதனைக் காணுங்கால் ஒன்றை உணர்வர்: மைப்படியே ஓர் அச்சு, பாறையே அதன் அச்சுக்கட்டை. ஆகவே மைப்படியின் கருமையையும் தாளின் சுருக்கத்தையும் அப்படியே அட்டைக்குக் கொண்டுவருதல் நேர்மையான ஒரு வழியாகும்.

மற்றொரு வழி, மைப்படியைப் பார்த்து எழுத்தை மீண்டும் வரைதல். இங்குத்தான் விழிப்பு வேண்டும். இயற்கைப் பாறையில் வெடிப்பும் அரிப்பும் உண்டு. வெடிப்பைக் கோடென்று கருதினால் உயிர்க்குறி ஒன்று மிகும். கோட்டை வெடிப்பென்று விட்டால் ஒன்று குறையும். கண்ணால் கண்டு வரைந்த பழைய படிகளில் இவ்வகைப் பிழைகள் நேர்ந்தமையால்தான் அறிஞர்கள் மலைக்கு மீண்டும் மீண்டும் ஏறினர். அவர்கள் திருத்திய பிழையை நம் அட்டை மீண்டும் பரப்புதல் தகாது.

ஒரு பெயர், மூன்று முறை

தமிழியில் பெயர் எழுத விரும்புவோர் பெரும்பாலும் இன்றைய நெடுங்கணக்கிற்கு நேராகப் பழைய வடிவங்களை இட்டு நிரப்புகின்றனர். ஆனால் பழந்தமிழ் எழுத்தில் வடிவம் மட்டுமன்று, முறையும் வேறாக இருந்தது. மகாதேவன் வகுத்துக்காட்டிய மூன்று முறைகளை ‘கபிலன்’ என்னும் பெயரைக் கொண்டு விளக்கலாம்.

முதல் முறையில் குறியில்லாத எழுத்து மெய்யைக் குறிக்கும். அகரத்திற்கும் ஆகாரத்திற்கும் ஒரே பக்கக்கோடு. எனவே ‘கபிலன்’ என்பது, இன்றைய கண்ணுக்குக் ‘காபிலான’ என்று எழுதியது போலத் தோன்றும். இரண்டாம் முறையில் ஆகாரத்திற்கு மட்டுமே கோடு. குறியில்லாத எழுத்து மெய்யாகவும் இருக்கலாம், அகரமேறிய மெய்யாகவும் இருக்கலாம்; இடம் நோக்கிப் படிப்போரே துணிய வேண்டும். அதன்படி ‘கபிலன’ என்று எழுதியிருக்கும். மூன்றாம் முறையில் மெய்யெழுத்துப் புள்ளி பெற்றது. அப்போதுதான் ‘கபிலன்’ ஐயமின்றிக் ‘கபிலன்’ ஆனான்.

மெய்க்குப் புள்ளி உண்டென்றும், எகர ஒகரங்களுக்கும் அவ்வாறே என்றும் தொல்காப்பியம் விதித்தது. அச்சிறு புள்ளி ஓர் ஒலியைக் காத்தது. ஓசையையே உயிராகக் கொண்ட கவிதையையும் காத்தது. ஆகவே அட்டையில் ஒரு பெயரை எழுதுமுன் எந்த முறையில் எழுதுகிறோம் என்று முடிவு செய்தல் இன்றியமையாதது. முதல் முறையின் தொன்மை வடிவங்களை வரைந்து அதன்மேல் மூன்றாம் முறையின் புள்ளியை இடுதல், எக்காலத்திலும் எவரும் எழுதாத ஓர் எழுத்தைப் படைப்பதாகும்.

கணினியும் இதற்கு இன்று துணைசெய்கிறது. யூனிக்கோடு குறியீட்டில் பிராமி 2010ஆம் ஆண்டில் இடம்பெற்றது. பழந்தமிழ்க்கெனத் தனிப் புள்ளியும் குற்றெகர ஒகரங்களும் 2021ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. கருவி வந்துவிட்டது. ஆயினும் எம்முறையைத் தேர்வது என்பதைக் கருவி சொல்லாது. அது நம் பொறுப்பே.

உளியிலிருந்து எழுத்தாணிக்கு

எழுத்தின் உருவத்தை எழுதுபொருளும் கருவியும் சேர்ந்தே செதுக்குகின்றன. உளிக்கு நேர்கோடு எளிது. தமிழியின் கோணங்கள் அதனால் அமைந்தவை. ஓலையில் எழுத்தாணியால் எழுதுங்கால், ஓலையின் நரம்போடு ஓடும் நீண்ட நேர்கோடு ஓலையைக் கிழிக்கும். அதனால் எழுத்து வளைந்து கொடுத்தது என்பர். பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் வழங்கிய வட்டெழுத்தில் அவ்வளைவு முழுமை பெற்றது. ஆனால் வளைவு மிகுந்தபோது வேற்றுமை தேய்ந்தது. பிற்கால வட்டெழுத்தில் ப, ய, வ என்பவை ஒன்றையொன்று ஒத்துவிட்டன. சோழப் பேரரசு பரவிய பின் பாண்டிய நாட்டில் அதன் இடத்தைத் தமிழெழுத்துப் பெற்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த எழுத்துகளின் ஒழுங்கை, எழுத்தட்டை அமைப்போர் நாள்தோறும் கண்டு பயிலலாம்.

ஓலையில் புள்ளி பெரும்பாலும் விடப்பட்டது. ரகரமும் துணைக்காலும் ஒன்றாயின. எனவே ‘தரம’ என்று தோன்றும் மூன்று வடிவங்கள் ‘தரம்’ ஆகலாம். ‘தாம்’ ஆகவும் ஆகலாம். ‘மெல’ என்றிருந்தால் மெல், மேல், மேல எனப் பலவாறு படிக்க இடமுண்டு. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் முதலான பெருமக்கள் பட்ட பாட்டின் ஒரு பகுதி இதனால் விளைந்ததே. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவத்தால் வேறுபடுத்திய சிறப்பு வீரமாமுனிவரைச் (1680–1747) சாரும் என்பர்.

ஈயத்தில் வார்த்த எழுத்து

அச்சு வந்தது. கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் தமிழெழுத்துகள் வார்க்கப்பட்டன. அவற்றைக்கொண்டு என்றீக்கே என்றீக்கசு அடிகளார் 1578 அக்டோபரில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூலை வெளியிட்டார். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. பின்னர் 1713ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழெழுத்துகள் அளவிற் பெரியனவாக இருந்து தாளை விழுங்கின. எனவே பொறையாற்றில் சிற்றெழுத்துகள் வார்க்கப்பட்டன. பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தையும் உருக்கினர் என்று அக்கால வரலாறு கூறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் உருவாக்கிய நுண்ணிய எழுத்துகள், 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதிக்குப் பயன்பட்டன.

இந்நெடும் பயணத்தின் அண்மைத் திருப்பம் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணை. 1935ஆம் ஆண்டிலிருந்தே பெரியார் தம் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட வடிவங்கள் சிலவற்றை அரசு ஏற்றது. துதிக்கை போல் கொம்பு வளைந்த பழைய லை, ளை, ணை, னை என்பனவும், சுழித்து முடிந்த பழைய ணா, றா, னா என்பனவும் அன்று ஓய்வு பெற்றன. அவற்றில் படித்து வளர்ந்தோர் இவ்வட்டத்திலேயே பலர் உளர். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்டதே பழைய எழுத்து என்பதில்லை. பாட்டியின் கடிதத்தில் இருந்த ‘லை’யும் இன்று பழைய எழுத்தே.

அட்டைக்குச் சில நெறிகள்

மேற்கூறிய வரலாற்றிலிருந்து எழுத்தட்டைக்குரிய நெறிகள் தாமே கிடைக்கின்றன.

முதலாவது, எழுத்தைச் சொல்லோடு வைக்க வேண்டும். தனியே நிற்கும் ‘ழ’ பெருமையை அறிவிக்கலாம், செய்தியை அறிவிக்காது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட நடுகல்லில் ‘ஆகோள்’ என்னும் சொல் உள்ளது. ஆநிரை கவர்தலைக் குறிக்கும் அச்சொல் தொல்காப்பியத்திலும் உண்டு. இலக்கணத்தில் நாம் படித்த சொல் ஒரு வீரனின் கல்லில் நிற்கிறது. அவ்வொரு சொல்லைத் தாங்கிய அட்டை, நூறு தனியெழுத்துகளைத் தாங்கிய அட்டையினும் மேம்பட்டது.

இரண்டாவது, கருவியின் தடத்தை அழிக்கலாகாது. உளியெழுத்திற்குக் கோட்டின் தொடக்கமும் முடிவும் ஒரே தடிப்பில் அமைதல் வேண்டும். எழுத்தாணி எழுத்திற்கு மெல்லிய ஒரே கோடு. ஈயவெழுத்திற்குத் தாளில் அழுந்திய பள்ளம். தூரிகைக்குரிய தடிப்பையும் மெலிவையும் கல்லெழுத்தில் ஏற்றினால் அதன் பிறப்பு மறைந்துவிடும்.

மூன்றாவது, வெற்றிடத்தை நிரப்ப முற்படலாகாது. பாறையில் எழுத்தைச் சுற்றி மலை இருந்தது. அட்டையில் அம்மலையின் இடத்தில் நிற்பது வெண்மையே. மயிலும் தாமரையும் வில்லும் புலியும் கயலும் அங்குப் புகுந்தால் எழுத்து ஒடுங்கிவிடும்.

நான்காவது, அட்டையின் பின்புறத்தில் மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும்: இன்றைய எழுத்தில் அச்சொல்லின் படிப்பு, கிடைத்த இடம், காலம். காலத்தைக் குறிக்கும்போது அடக்கம் வேண்டும். கீழடி எழுத்துகளின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுசெல்லும் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அறிக்கை 2019இல் வெளிவந்தது. அதன்மீது அறிஞரிடையே கருத்து வேறுபாடுகளும் எழுந்தன. ஓர் அட்டையில் அவ்வாய்வைத் தீர்த்துவைக்க இயலாது. சான்று சொல்லும் அளவுக்குச் சொல்லி நிறுத்துதலே தமிழுக்குப் பெருமை. மிகையாகச் சொல்லிப் பின்னர் பிழையென மறுக்கப்படும்போது இழிவு அட்டைக்கன்று, மொழிக்கு.

நிறைவாக

பழைய எழுத்தை இன்று நாம் போற்றுவதில் இருவகை உண்டு. ஒன்று, புரியாமையால் வரும் வியப்பு. மற்றொன்று, படிக்க அறிந்ததால் வரும் உறவு. முன்னது எழுத்தைத் தாயத்தாக்கும். பின்னது எழுத்தை மீண்டும் எழுத்தாக்கும். பானையில் பெயர் கீறிய ஆதனும், கட்டளைக் கல்லோடு கடல் கடந்த பெரும்பதனும் தம் எழுத்து வியக்கப்பட வேண்டும் என்று எழுதவில்லை. படிக்கப்பட வேண்டும் என்றே எழுதினர்.

பத்தாண்டுகளாகச் சொல்லை வழிபட்டு வரும் நம் வட்டம், இனிவரும் ஆண்டுகளில் ஆண்டுக்கு ஓர் எழுத்தட்டையேனும் வெளியிடலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு கல்வெட்டின் ஒரு சொல்லைத் தேர்ந்து, அதனைப் பிழையறப் படித்து, அதன் முறையறிந்து வரைந்து, அஞ்சலில் ஓர் இளைஞர்க்கு அனுப்பலாம். பெற்றவர் அதனை எழுத்துக் கூட்டிப் படித்து விடையும் அதே எழுத்தில் எழுதுவாராயின், புள்ளியையும் மறவாது இடுவாராயின், பாறையில் தொடங்கிய ஒரு கடிதம் அவர் கைக்குச் சென்று சேர்ந்ததாகக் கொள்ளலாம். அப்பணிக்கு இம்மலர் வித்திடுவதாக!